கப்பல்காரி வீடு

மட்டக்களப்பில் கப்பல் கரைக்கு வராது. நாம்தான் கரைக்குப் போக வேண்டும். கடலில் நங்கூரம் போட்டுவிட்டு ஒரு கயிற்றேணியைத் தொங்கவிடுகிறார்கள். கீழே ஒரு தோணி அலையோடு ஏறுவதும் இறங்குவதுமாக நிற்கிறது. அது ஏறும்போது காலை வைக்க வேண்டும். இறங்கும்போது வைத்தால் என்ன ஆகும் என்பதை, என்னை முந்திக்கொண்டு போன என் குடை காட்டிக்கொடுத்தது. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை ‘நேராக நில்’ என்று அதட்டியவன், அறுபத்தொரு வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் தொங்கியதை நாகப்பட்டினத்து மாணவர்கள் யாரும் பார்க்கவில்லை. அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

என்னோடு இறங்கியவர் காசிம் காக்கா. காத்தான்குடியில் துணி வியாபாரி. காக்கா என்றால் அங்கத்து முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். கப்பலில் இரண்டு நாள் பழகியதிலேயே என்னைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டுவிட்டார். கப்பல் திருகோணமலைக்குப் போய் ஐந்தாம் நாள் காலை இதே இடத்துக்குத் திரும்பும். அதற்குள் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டேன்.

“கோட்டையக் காலையில பாருங்க வாத்தியார். வெயில் ஏறினா கல்லு சுடும். தயிர் வாங்கினா சட்டியக் கவிழ்த்துப் பாருங்க. விழுந்தா வாங்க வேணாம். சாரம் வாங்கிறதெண்டா எங்கட ஊருக்கு வாங்க, தறியடியிலயே வாங்கலாம்.”

“இங்கே மீன் பாடுமாமே?”

“பாடும். வெள்ளைக்காரன் வந்தா துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டுட்டு மத்த நுனியக் காதுல வெச்சிட்டு இரிப்பான். நாங்க பாட்டுக் கேக்கிறதில்ல. பாடுறதப் புடிச்சிக் கறி ஆக்கிறது.”

தோணிக்காரர்கள் சிரித்தார்கள். காக்கா விரலை உயர்த்தினார்.

“கடைசியா ஒண்டு. கப்பல் ஊதட்டும், மறுகா போவம் எண்டு இரிந்திடாதீங்க. மத்தியானக் காத்து எழும்பினா தோணி முகத்துவாரத்தத் தாண்டாது.”

அவர் வாய் மூடவில்லை, முகத்துவாரத்து மணலில் தோணி தட்டி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். “வாத்தியார் ஐயா இரிக்கட்டும்” என்று ஒருவர் மரியாதையாகச் சொன்னார். “ஐயாட பாரம்தான்டா கூட, இறக்கு!” என்றார் இன்னொருவர். இறங்கினேன். தோணி உடனே நகர்ந்தது.

ஊர் பார்க்க வந்ததாகக் காக்காவிடம் சொன்னது பாதிப் பொய். இந்தக் கட்டுரையில் பொய் வேண்டாம் என்று தீர்மானித்திருப்பதால், வந்த காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரே தங்கை, பெயர் சௌந்தரம். பதினேழு வயதில் கணவனை இழந்து எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். மூன்று வருஷம் கழித்து, ஓடு வாங்க நாகப்பட்டினம் வந்த வியாபாரியோடு வந்திருந்த கணபதிப்பிள்ளை என்ற மட்டக்களப்பு இளைஞரோடு கப்பலேறிப் போய்விட்டாள். அங்கே போய்க் கல்யாணமும் செய்துகொண்டார்கள். நான் அப்போது உதவி ஆசிரியன். தலைமை ஆசிரியர் வேலை காலியாகப் போகிறது. எனக்கு இரண்டு பெண்கள் வளர்கிறார்கள். ‘காரைக்காலில் அத்தை வீட்டுக்குப் போனவள் வாந்திபேதியில் இறந்துவிட்டாள், அங்கேயே தகனம் செய்துவிட்டோம்’ என்று ஊரில் சொன்னேன். அத்தை அதற்கு முந்தின மாதமே காலமாகியிருந்தாள். மறுக்க ஆள் இல்லை. அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். “அப்படியா” என்றாள் அம்மா. அழக்கூட இல்லை. அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வருஷா வருஷம் திதியும் கொடுத்தேன். திதியன்று இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைப்பது எங்கள் வழக்கம். அம்மா தவறாமல் பறங்கிக்காய்ப் பால்கூட்டு செய்வாள். அம்மா போன பிறகும் சமையற்காரரிடம் சொல்லி அதையே செய்ய வைத்தேன். முதல் சில வருஷங்களில் சௌந்தரம் மூன்று கடிதம் எழுதினாள். பிரிக்காமலே கிழித்துப் போட்டேன்.

நான்காவதாக வந்தது கார்டு. உறை இருந்தால் பிரிக்காமல் கிழிக்கலாம். கார்டுக்கு உறை இல்லை. ‘அண்ணா, மகள் வள்ளிக்குக் கல்யாணம் பேசுகிறோம். பெண்ணின் தாய்வழியில் ஒருவர் வந்து நிற்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு உங்களைத் தவிர யாரும் இல்லை. வந்து நின்றால் போதும், வேறொன்றும் வேண்டாம்.’ இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகும் அதே சாய்ந்த எழுத்து. அண்ணனுக்குக் கோபம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னை நான் கொன்றுவிட்டது அவளுக்குத் தெரியாது.

பதில் எழுதாமல் புறப்பட்டேன். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமலே திரும்ப முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டு எண்ணத்தையும் ஒரே பெட்டியில் எடுத்துக்கொண்டு போனேன்.

புளியந்தீவு என்பது மட்டக்களப்புப் பட்டணத்தின் நடுக்கூறு. தண்ணீர் சூழ்ந்த சின்னத் தீவு. கோட்டை, அரசாங்கக் கச்சேரி, மாதா கோவில்கள், கடைகள் எல்லாம் அதற்குள் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. தொலைந்துபோக இடமே இல்லாத அந்த ஊரில் மூன்று மணி நேரம் தொலைந்துபோனேன். கார்டில் ‘புளியந்தீவு’ என்பதற்கு மேல் விலாசம் இல்லை. கணபதிப்பிள்ளை வீடு எது என்று கேட்டேன். சாயப்பட்டறை வைத்திருந்த ஒரு கணபதிப்பிள்ளையிடம் அனுப்பினார்கள். அவர் இன்னொரு கணபதிப்பிள்ளையிடம் அனுப்பினார். அவருக்குக் காது கேட்கவில்லை. மூன்றாமவர் என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். யாரையோ எதிர்பார்த்துப் பயந்திருக்கிறார், பாவம்.

கடைசியில் சந்தையில் கீரை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை என்னைக் கூப்பிட்டாள்.

“ஐயா, காலையில இரிந்து இப்பிடியும் அப்பிடியும் நடக்கிறீங்க. ஆருட வீடு தேடுறீங்க?”

“கணபதிப்பிள்ளை வீடு, அம்மா.”

“ஆம்புளைக்கு ஏது ஐயா வீடு?” அவள் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்தாள். “கேட்டியாகா கதைய? ஆம்புளைட வீடு தேடுறாராம்!”

இருவரும் கீரைக்கட்டு குலுங்கச் சிரித்தார்கள். பிறகு எனக்கு விளக்கினாள். அந்த நாட்டில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருக்கிறான். அவர்களுக்கு மகள் பிறந்து பெரியவளானால் வீடு அந்த மகளுக்கு.

“அவர்ட பொண்டாட்டிட பேரச் சொல்லுங்க. கண்ண மூடிட்டுக் காட்டுவன்.”

நான் வாயைத் திறந்தேன். இருபத்தாறு வருஷமாக அந்தப் பெயரை வருஷத்துக்கு ஒருமுறை, திதியன்று, புரோகிதர் சொல்லச் சொல்லித்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் இறந்தவர்களுக்கான முறையில். வெறும் பெயராக, உயிரோடு இருக்கிற ஒருத்தியின் பெயராக, வெயிலில் நின்று ஒரு கீரைக்காரியிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

“மறந்து போச்சா ஐயா?”

“சௌந்தரம்” என்றேன். “நாகப்பட்டினத்துச் சௌந்தரம். கப்பலில் வந்தவள்.”

“அட, கப்பல்காரியா! அத முதலே சொன்னா என்ன? பள்ளிக்கூட மூலையால கிறுகி ரெண்டாவது வளவு. வாசல்ல மாதுளை நிக்கும்.” கிறுகி என்றால் திரும்பி; வளவு என்றால் வீடும் தோட்டமும் சேர்ந்த மனை.

ஆகவே மட்டக்களப்பில் இறங்குகிறவர்களுக்கு என் முதல் யோசனை: வீடு தேடினால் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயரைச் சொல்லக் கூசுகிற நிலைமையில் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்துகொண்டு கப்பலேறுங்கள்.

மாதுளை நின்றது. அதன் கீழே நரைத்த தலையோடு ஒருத்தி பலகை போட்டு உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் மீன் வாசனை வாசலைத் தாண்டியதில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். என் முகத்தை விட்டு என் கையைப் பார்த்தாள்.

“குடை எங்க அண்ணா?” என்றாள்.

“கடலில் விழுந்துவிட்டது.”

“விழும். ஏணியில இறங்கக்குள்ள ஒரு கையில குடை வெச்சிரிந்திரிப்பீங்க” என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவ ஓடினாள். கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்தபோது முகமும் கழுவியிருந்தாள்.

கணபதிப்பிள்ளை தலை நரைத்து, தொப்பை வைத்து, பேச்சும் பெருத்திருந்தார். வள்ளிக்கு அப்படியே எங்கள் அம்மாவின் மூக்கு. எனக்கென்று புது அடுப்பு மூட்டி, புதுச் சட்டி வைத்து, பிட்டும் தேங்காய்ப்பாலும் வாழைப்பழமும் தந்தார்கள். எங்கள் ஊரில் பிட்டு என்றால் இனிப்பு; இங்கே அது சோற்றுக்குத் தம்பி. “மாமா சைவம், அந்தக் கரண்டியத் தொடாத” என்று வள்ளி தகப்பனைக் கடிந்துகொண்டாள். எருமைத் தயிர் சட்டியோடு வந்தது. காக்கா சொன்னபடி கவிழ்த்துப் பார்க்கப் போனேன். சௌந்தரம் சட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். “சந்தையில கவிழ்க்கிறதுதான். வீட்டில கவிழ்த்தா எங்கள அவமானப்படுத்துறது.” யோசனை சொல்கிறவர்கள் எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாப்பிட்ட பிறகு கணபதிப்பிள்ளை நிலைமையைச் சொன்னார்.

“மச்சான், நான் உங்கட தங்கச்சியக் கூட்டிட்டு வந்து இறங்கக்குள்ள எங்களுக்குப் போக வீடில்ல. இஞ்ச வீடு பொண்ணோட வரணும். இவ கையில ஒரு துணிமூட்டை. என்ட அக்காதான் தன்ட வளவில ஒரு மூலையக் குடுத்தா. அதான் இது. இப்ப கிரான்ல ஒரு நல்ல இடம். பொடியனுக்கும் வள்ளிக்கும் மனசு. அவன்ட தாய்மாமன் போடியார் ஒருத்தர் இரிக்கார், அவர் சொல்றார்: ‘பிள்ளை தாய்ட குடிதான். தாய்க்கு ஆரு இரிக்கா? கடலுக்கு அங்கால இரிந்து ஒரு ஆள் வரட்டும், இவ இன்னார் எண்டு சொல்லட்டும், மறுகா கதைப்பம்.’”

தாய்வழிக் கூட்டத்தை அங்கே குடி என்கிறார்கள். போடியார் என்பது வயல் நிறைய வைத்திருப்பவர்களுக்கு உள்ள மரியாதைப் பெயர். நாளை மறுநாள் கிரானுக்குப் போக ஏற்பாடு. வள்ளி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வளையல் சத்தமே வரவில்லை. கையை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை கோட்டையைப் பார்த்தேன். போர்த்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டது, நான்கு மூலைச் சுவர், உள்ளே காகிதம் சுமந்து நடக்கும் குமாஸ்தாக்கள். நம் தஞ்சாவூர்க் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு பெரிய வீடு. ஆனால் தண்ணீர்ப் பக்கம் போய் நின்றால் சண்டை போட மனம் வராது. அத்தனை அமைதியான தண்ணீர். வாவி என்கிறார்கள். கடலுக்குச் சொந்தக்காரி, ஆனால் கடலின் குணம் கிடையாது.

பிறகு காத்தான்குடிக்குப் போய்க் காக்காவைக் கண்டேன். தறிகள் சடக்கு சடக்கென்று ஓடும் தெருவில், சாரம் என்று அவர்கள் சொல்லும் கைலி ஒன்று வாங்கினேன். “இது உங்கள் வீடா?” என்று கேட்டேன்.

“என்ட பொண்டாட்டிட வீடு வாத்தியார். எங்களுக்கும் அப்பிடித்தான். கோபம் வந்து ‘வெளிய போ’ எண்டு கத்தினா, செருப்பப் போட்டுட்டு நான்தான் போகணும். அதால நாப்பது வருஷமா எனக்குக் கோபமே வாறதில்ல.”

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், “போன கிழமை வந்தது எண்டு சொல்லுங்க!” என்றது.

நான் சிரித்தேன். திரும்பி நடக்கையில் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீடு தகப்பனார் கட்டியது, எனக்கு வந்தது. அதில் சௌந்தரம் மூன்று வருஷம் ஒரு மூலையில் இருந்தாள். அவள் வெளியே போனபோது, வீடு யாருடையது என்ற கேள்வியே யாருக்கும் எழவில்லை. இந்த ஊரில் பிறந்திருந்தால் வெளியே போயிருக்க வேண்டியவன் நான்.

சாயங்காலம் சௌந்தரம் என்னைக் கல்லடியில் புது இரும்புப் பாலம் காட்டக் கூட்டிப்போனாள். சொல்லிவிடலாம் என்று பாலத்தின் நடுவில் நின்றேன்.

“சௌந்தரம், நான் ஊரில் உன்னைப் பற்றி—”

“திட்டியிரிப்பீங்க. தெரியும். விடுங்க” என்றாள். “நீங்க வந்திட்டீங்க, அது போதும். அங்க பாருங்க, அந்தத் தூண்ல நீர்க்காகம்.”

நீர்க்காகத்தைப் பார்த்தேன். அவ்வளவு கவனமாக ஒரு பறவையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் கிரான். வாழைக்குலை, வெற்றிலை, பலகாரப் பெட்டி சகிதம் சௌந்தரமும் கணபதிப்பிள்ளையும் நானும் மோட்டார் பஸ்ஸில் ஏறினோம். ஏறாவூருக்கு இப்பால் அது இருமியது; ஏறாவூர்ச் சந்தைக்கு எதிரே நின்றேவிட்டது. இறங்கித் தள்ளினோம். இந்த நாட்டுக்கு வந்து நான் ஏறியதெல்லாம் என்னை இறக்கித் தள்ளவைத்தது. ஒரு மூதாட்டி மட்டும் இறங்கவில்லை. “நான் குடுத்த காசு இரிக்கிறதுக்கு” என்றாள். பஸ் கடைசிவரை கிளம்பவில்லை. ஒரு மாட்டுவண்டில் பிடித்து, அறுவடை முடிந்த வயல்களின் நடுவே ஆடி ஆடிப் போனோம். பரந்த வயல்வெளியை வட்டை என்கிறார்கள். ஒரு வட்டை முடிந்தால் இன்னொரு வட்டை. கண்ணுக்கெட்டியவரை வைக்கோல் வாசனை. தஞ்சாவூர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும், நெல்லைப் பற்றிப் பெருமை பேசும் உரிமை நமக்கு மட்டும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். ஏழெட்டுப் பெரியவர்கள். நடுவில் கந்தப்போடியார், மாப்பிள்ளையின் தாய்மாமன். பனங்கட்டைபோல உடம்பு, சின்னக் கண்கள். தயிரும் தேனும் கொடுத்து, மழை, விளைச்சல், கடற்பயணம் எல்லாம் விசாரித்தார். வெற்றிலை போட்டார். துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வாத்தியார் ஐயா, உங்களக் குடி கேக்க மாட்டன். கடலுக்கு அங்கால வேற முறை. ஆனா ஒண்டு கேக்கணும். போன வருஷம் எங்கட ஆள் ஒருத்தர் ஓடு வாங்க நாகபட்டணம் போனவர். பொண்ணுட தாயப் பத்தி விசாரிச்சிட்டு வா எண்டு நான்தான் சொல்லி அனுப்பினன். அவர் வந்து சொல்றார்: அந்த ஹெட்மாஸ்டருக்கு ஒரே தங்கச்சியாம். அவ வாந்திபேதியில செத்து இருவத்தஞ்சு வருஷமாம். வருஷா வருஷம் திதியும் குடுக்கிறாராம். ஊரே சொல்லுதாம். மறுகா, இந்த மனிசி ஆரு?”

கணபதிப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். “வேற ஆரயும் கேட்டுட்டு வந்திட்டார் போல. சொல்லுங்க மச்சான்.”

எனக்கு இரண்டு தங்கைகள் என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. சொன்னால் நம்பியும் இருப்பார்கள். வள்ளியின் கல்யாணம் அந்த நிமிஷமே முடிவாகியிருக்கும். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சௌந்தரத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு என்னைத் தெரியும். என் முகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

“உங்கள் ஆள் சரியாகத்தான் விசாரித்திருக்கிறார்” என்றேன். “எனக்கு ஒரே தங்கை. இவள்தான். இவள் சாகவில்லை, செத்துவிட்டதாக நான் சொன்னேன். இவள் இந்த மனிதரோடு கப்பலேறியது ஊருக்குத் தெரிந்தால் எனக்கு வேலை உயராது, என் பெண்களுக்கு வரன் வராது என்று பயந்தேன். உயிரோடு இருக்கிறவளுக்குத் திதி கொடுத்தேன். எங்கள் அம்மாவிடமும் இவள் இறந்துவிட்டாள் என்றே சொன்னேன். அதை நம்பித்தான் அம்மா கண்ணை மூடினாள். இவளுக்கு இதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது. தப்பு முழுவதும் என்னுடையது. இவளிடத்திலும் இவள் பெண்ணிடத்திலும் ஒரு குறையும் இல்லை.”

முற்றத்தில் நெல் கொத்திக்கொண்டிருந்த கோழியை விரட்டக்கூட ஆள் எழவில்லை. கணபதிப்பிள்ளையின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்று, மெல்லக் கோணிக்கொண்டு போயிற்று. சௌந்தரம் எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வெளியே போய் வண்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

போடியார் தாடையைத் தடவினார். “இப்பிடி ஒரு மனிசன நம்பி எப்பிடிப் பொண்ணெடுக்கிறது?” என்று பொதுவாகக் கேட்டார்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. மாப்பிள்ளையின் தாய், அந்த வீட்டுக்காரி. அதுவரை வாய் திறக்காதவள், நிலைப்படியில் வந்து நின்றாள்.

“அண்ணன், நீங்க சாட்சி கேட்டீங்க. பொய் சொல்ற ஆள் தனக்கு நல்லதாத்தான் பொய் சொல்லுவான். இந்த ஐயா தன்ட மானத்தத் தானே கழட்டிப் பாயில வெச்சிட்டார். இதுக்கு மேல என்ன சாட்சி? அந்த மனிசி ஒரு பாவமும் அறியா. அவட பிள்ளைய நான் எடுக்கிறன்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஆனா வாத்தியார், ஒண்டு. செத்தவட பிள்ளையை நான் எடுக்க மாட்டன். உங்கட ஊர்ல போய், அவ உயிரோட இரிக்கா எண்டு சொல்லோணும். பொய்ய ஊரறியச் சொன்னீங்க. இதையும் ஊரறியச் சொல்லுங்க. மறுகா கலியாணத்துக்கு வாங்க.”

“என்ன, நான் ஒண்டும் சொல்றதுக்கு இல்லையா?” என்றார் போடியார்.

“வெத்திலை போடுங்க அண்ணன்” என்றாள் அவள்.

திரும்பும் வழியெல்லாம் சௌந்தரம் வண்டிலின் பின்புறம் பார்த்தபடி உட்கார்ந்து வந்தாள். கணபதிப்பிள்ளை என்னைப் பார்க்காமல் மாட்டோடு பேசிக்கொண்டு வந்தார். வாசலில் காத்திருந்த வள்ளியிடம், “சரிவந்திட்டு, மகள்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் வேறு இடத்தில் தங்கிக்கொள்வதாகச் சொன்னேன். “என்ட வீட்டில ஆரு தங்கிறதெண்டு நான்தான் சொல்லணும்” என்றாள் சௌந்தரம். அன்று அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

நான்காம் நாள் காலை என் அடுப்பை மூட்டிக்கொண்டே கேட்டாள். அந்தக் கேள்வியில் மட்டும் மட்டக்களப்புப் பேச்சு விலகி, எங்கள் ஊர்ப் பேச்சு திரும்பி வந்திருந்தது.

“திதிக்கு அம்மா என்ன சமைச்சாங்க?”

“உனக்குப் பிடித்ததுதான். பறங்கிக்காய்ப் பால்கூட்டு. ஒரு வருஷம் தவறியதில்லை.”

ஊதுகுழலைக் கீழே வைத்தாள். “பறங்கிக்காயா?”

“ஆமாம்.”

“அண்ணா, நான் பறங்கிக்காயைத் தொட்டதே இல்லை. அந்த வாசனையே எனக்கு ஆகாது. அம்மா எனக்குன்னு தனியா ஒரு கூட்டு வைப்பாங்க. ஒரே வீட்டில இருந்தும் உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. இருபது வருஷம் ஒரே சமையலறையில் சாப்பிட்டிருக்கிறோம். அவள் இலையை நான் பார்த்ததில்லை.

“என்னைக் கொல்லைக் கதவால அனுப்பி வெச்சது யார்னு நினைச்சீங்க?” என்றாள். “துணியை மூட்டை கட்டிக் கொடுத்தது அம்மாதான். ‘கப்பல் ஏறிப் போ, இந்த மூலையில உட்கார்ந்து சாகாதே’ன்னு அம்மாதான் சொன்னாங்க. ‘உன் அண்ணன் என்ன சொன்னாலும் நான் வாய் திறக்க மாட்டேன், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கு’ன்னாங்க.”

அடுப்பு நன்றாகப் பற்றிக்கொண்டது. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். காரைக்காலில் இறந்தாள் என்று நான் சொன்ன நிமிஷத்திலேயே அம்மாவுக்கு அது பொய் என்று தெரியும். உயிரோடு இருக்கிற மகளுக்குப் பிடித்ததைச் செத்தவள் இலையில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மகள் தொடாத காயை வருஷா வருஷம் சமைத்து வைத்தாள். நானும் பிரசாதம்போல இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மாவை ஏமாற்றிவிட்டோம் என்பதுதான் என் பெரிய பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஏமாற்றவே இல்லை. பத்தொன்பது வருஷம் என் பொய்யை எனக்கே பரிமாறிக்கொண்டு, நானாக வாய் திறப்பேனா என்று அவள் காத்திருந்திருக்கிறாள்.

சௌந்தரம் பிட்டைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள். “சாப்பிடுங்க, ஆறிடும். நான் உங்கள மன்னிச்சிட்டன் எண்டு நினைக்க வேணாம். அது மெல்லமாத்தான் வரும், வந்தா.” பேச்சு மறுபடி மட்டக்களப்புக்குத் திரும்பியிருந்தது. “வைகாசியில கலியாணம். வரக்குள்ள பறங்கிக்காய் மட்டும் கொண்டு வந்திடாதீங்க.”

ஐந்தாம் நாள், காக்கா எச்சரித்த காற்றுக்கு முன்பாகவே தோணித்துறைக்கு வந்துவிட்டேன். ஒரு கையில் தயிர்ச்சட்டி. மற்றக் கையில் வள்ளி வாங்கித் தந்த புதுக் குடை. “ஏணியில ஏறக்குள்ள இத முதலே மேல எறிஞ்சிடுங்க மாமா” என்று சொல்லித் தந்திருந்தாள். தோணியில் அதே ஆட்கள். “ஐயா, நாலு நாளும் ஆருட வீட்டில நிண்டீங்க?” என்று கேட்டான் ஒருவன். இந்த முறை நாக்கு தடுக்கவில்லை. முகத்துவாரத்தில் மறுபடி மணல் தட்டியபோது, சொல்வதற்கு முன்பே இறங்கித் தள்ளினேன்.

கப்பலில் மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் கோட்டையைக் காலையில் பாருங்கள். தயிரைச் சந்தையில் மட்டும் கவிழ்த்துப் பாருங்கள். ஏறாவூர் பஸ்ஸில் ஏறுவதானால் உடம்பில் பலம் இருக்கும்போதே ஏறுங்கள். நாகப்பட்டினத்துக்காரர்கள் இந்தப் பத்திரிகையை வாசிப்பார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன்: என் தங்கை சௌந்தரம் காரைக்காலில் இறக்கவில்லை. எங்குமே இறக்கவில்லை. மட்டக்களப்பில், புளியந்தீவில், பள்ளிக்கூட மூலை திரும்பி இரண்டாவது வளவில் தன் சொந்த வீட்டில் இருக்கிறாள். வாசலில் மாதுளை நிற்கிறது. கப்பல்காரி வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.